கூட்டத்தோடு கை உயர்த்துவது பயமா, புத்தியா?

உப்புவெளியான்:
திருகோணமலையில் எங்கள் விளையாட்டுக் கழகக் கூட்டம் போன ஞாயிறு நடந்தது. சேர்ந்த காசில் மைதானத்துக்கு வேலி அடிப்பதா, ஆண்டு விழா வைப்பதா என்று கேள்வி. முன்வரிசையில் நாலு மூத்தவர்கள் விழாவுக்குக் கை உயர்த்தினார்கள். உடனே மண்டபம் முழுக்கக் கை. வெளியே வந்து சைக்கிள் எடுக்கும்போது பாதிப் பேர் "வேலிதான் தேவை" என்கிறார்கள்! கோழைத்தனம், வேறென்ன? 1950களில் சொலமன் ஆஷ் என்ற உளவியலாளர் அமெரிக்காவில் இதைத்தான் காட்டினார். எந்தக் கோடு மாதிரிக் கோட்டின் அதே நீளம் என்று கேட்டார். சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் கூட இருந்த அவருடைய ஆட்கள் வேண்டுமென்றே பிழையாகச் சொன்னதும், சோதனைக்கு வந்தவர்களில் நாலில் மூன்று பேர் ஒரு தடவையாவது அந்தப் பிழையையே சொன்னார்கள்.

கோட்டடிப் பிள்ளை:
அண்ணை, பாதிக் கதைதான் சொல்கிறீர்கள். அவருடைய ஆட்கள் வேண்டுமென்றே பிழை சொன்ன சுற்றுகளில் வளைந்துபோன பதில்கள் ஏறக்குறைய 37 வீதம்தான். மிச்சமெல்லாம் சரியான பதில். கால்வாசிப் பேர் ஒரு தடவைகூட வளையவில்லை. இதை ஏனோ யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

அதோடு மற்றவரைப் பார்த்து நடப்பது எப்போதும் கோழைத்தனமா? 2012 ஏப்ரல் 11, சுமாத்ராப் பக்கம் நிலநடுக்கம், சுனாமி எச்சரிக்கை. நான் கடலைப் பார்த்து ஓடவில்லை. பக்கத்து வீட்டார் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடியதைப் பார்த்துத்தான் ஓடினேன். அலை வரவில்லை, சரி. 2004ஐக் கண்ட ஊரில் அப்படி ஓடுவதுதான் புத்தி. நமக்குத் தெரியாதபோது மற்றவர்தான் நமக்குச் சாட்சி. 1935இலேயே முசாபர் ஷெரிப் என்ற உளவியலாளர் இருட்டறையில் ஒரு வெளிச்சப் புள்ளியை வைத்து இதைக் காட்டிவிட்டார். அசையாத புள்ளி அசைவதுபோல் தெரியும். எவ்வளவு அசைந்தது என்பதில் ஆளாளுக்குச் சொன்ன கணக்கு, ஒன்றாக இருந்து சொல்லச் சொல்ல நெருங்கி வந்தது.

உப்புவெளியான்:
சுனாமியும் வேலியும் ஒன்றா தங்கச்சி? கடலுக்குள் நடப்பது எனக்குத் தெரியாது. வேலி வேண்டும் என்பது தெரியும். டொய்ச், ஜெரார்ட் என்ற உளவியலாளர்கள் இருவரும் 1955இல் இதைப் பிரித்தே வைத்தார்கள்: சரியானதை அறிய ஒத்துப்போவது ஒன்று, ஆட்களின் வெறுப்பைத் தவிர்க்க ஒத்துப்போவது இன்னொன்று. நான் திட்டுவது இரண்டாவதை.

பின்வரிசை:
அதே கூட்டத்தில் நானும் இருந்தேன், கையும் உயர்த்தினேன். எங்கள் வீட்டில் ஒரு சாவு விழுந்தால் பந்தல் போட முதலில் வருவது அந்த நாலு பேர்தான். ஒரு வேலிக்காக அவர்களோடு முகம் முறிக்க வேண்டுமா? கொழும்பில் தனியறையில் இருப்பவனுக்கு இந்தக் கணக்குப் புரியாது. 1996இல் பொண்ட், ஸ்மித் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 17 நாடுகளில் நடந்த ஆஷ் மாதிரியான சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். கூட்டாக வாழும் சமூகங்களில் ஒத்துப்போவது கூடுதலாக இருந்தது. அதற்காக அங்கெல்லாம் கோழைகளா?

உப்புவெளியான்:
பந்தல் போட வருகிறவர், வேலி கேட்டால் வராமல் விடுவாரா? கேட்டுப் பார்த்தீர்களா?

கோட்டடிப் பிள்ளை:
இரண்டு பேரும் ஆட்களின் குணத்தையே பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். ஆஷ் பதிலைத் தாளில் எழுத விட்டபோது வளைவது நன்றாகக் குறைந்தது. சரியான பதிலைச் சொல்லும் ஒரே ஒரு ஆள் பக்கத்தில் இருந்தாலும் குறைந்தது. அடுத்த தடவை சீட்டில் எடுங்கோ.

பின்வரிசை:
முப்பது பேர்தானே அங்கே, கையெழுத்தைப் பார்த்தே ஆளைப் பிடித்துவிடுவார்கள்.

கோட்டடிப் பிள்ளை:
ஏன் எழுத வேண்டும்? புள்ளடி போடுங்கோ.

உப்புவெளியான்:
நல்லது. பின்வரிசை, சீட்டு வேண்டும் என்று நீங்கள் பிரேரியுங்கள்.

பின்வரிசை:
ஆமோதிக்கிறேன். பிரேரிக்க மாட்டேன்.