படைவலி, மாதிரி: வெள்ளிக்கிழமைக்குள் இரண்டு சொல் வேண்டும்

நண்பர்களே,

அமெரிக்கப் படையினரின் வலி பற்றிய ஆய்வுக் கட்டுரை ஒன்றை மொழிபெயர்க்கிறேன். காயம்பட்டவரிடம் வலியை 0 முதல் 10 வரை எண்ணாகக் கேட்கிறார்கள். தூக்கம், மனநிலை பற்றியும் கேட்டுக் குறிக்கிறார்கள். ஆய்வுக்கு ரத்தமும் எடுக்கிறார்கள். 'படைவலி ஆய்வு', 'உயிரியல் மாதிரி' என்று போட்டேன். ஆசிரியர் இரண்டையும் சுழித்துவிட்டார்.

---

> படைவலி ஆய்வு

சுழித்தது சரிதான் தம்பி. வள்ளுவர் வினைவலி, மாற்றான்வலி என்று அடுக்கியதெல்லாம் பலத்தைத்தான். படைவலி என்றால் பீரங்கி எத்தனை என்று எண்ணப் போய்விடுவார்கள். 'நோவு' என்று போடுங்கள். நோ என்பதே வேர். நோய், நோன்பு எல்லாம் அதில் முளைத்தவை. மாதிரிக்கு 'பதம்'. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு.

---

நோன்பு 'நோல்' அடியில் வருவது, ஐயா. பட்டினியில் நோகும் என்பது வேறு விஷயம்.

யாழ்ப்பாணத்தில் நாங்கள் இன்றும் 'கால் நோகுது' என்றுதான் சொல்லுவோம். நோவுக்கு என் ஓட்டு.

---

எங்கள் ஊரில் நோவு எடுத்தது என்றால் பிரசவத்துக்கு வண்டி பிடிப்பார்கள்!

அமெரிக்க உள்நாட்டுப் போரில் நரம்பில் குண்டுபட்டவர்களை பிலடெல்பியாவில் கவனித்த மருத்துவர் வியர் மிட்செல். எரிச்சல் தாங்காமல் பூட்ஸுக்குள் தண்ணீர் ஊற்றிக்கொண்டவர்களைப் பற்றி எழுதியிருக்கிறார். அந்த வேதனைக்கு அவர் பயன்படுத்திய பெயர் causalgia. அது வெப்பம், வலி என்ற இரண்டு கிரேக்கச் சொற்களின் ஒட்டு. தமிழில் 'எரிவலி' என்றால் அச்சாகப் பொருந்துகிறது. அதை எரிகிற பலம் என்று யார் படிப்பார்கள்? இடம் பார்த்துப் பொருள் கொள்ள நமக்குத் தெரியும்.

'மாதிரி'தான் நிஜமான தொல்லை. உயிரியல் மாதிரி கொண்டுவா என்றேன், என் மாணவி களிமண்ணில் இதயம் செய்து வந்து நின்றாள். ஆனால் பதம் வேண்டாம் ஐயா. குண்டு பதம் பார்த்த ஆளிடம் போய்ப் பதம் கேட்பதா?

---

சரி, கடைசியில் 'படையினர் வலி ஆய்வு', 'ரத்த மாதிரி' என்று அனுப்பிவிட்டேன். அடுத்த சிக்கல், ஆய்வில் சேரத் தரும் சம்மதத்துக்கு (consent) ஒப்புதலா, இசைவா என்பது. ஆய்வில் சேரும் முடிவில் மேலதிகாரி தலையிடக் கூடாது என்று அங்கே விதி உண்டு. நம் பேச்சில் கட்டளைக்குத் தலையாட்டுவதும் ஒப்புதல்தானே?

---

இசைவு. அப்புறம், படையினர் வலியும் பலம்தான். என் எதிர்ப்பைக் குறித்துக்கொள்ளுங்கள்.