ரூபி: கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் இரண்டு சிம்பல்கள், தேடினால் நில் வருகிறது

கேள்வி:
மளிகைக் கடைக் கணக்குக்காக ரூபி என்ற நிரல்மொழியில் சிறிய நிரல் ஒன்று எழுதுகிறேன். சிஎஸ்வி கோப்பின் (காற்புள்ளியால் பிரித்த அட்டவணை) தலைப்புகளை டு_சிம் மூலம் சிம்பலாக்கி (நிரலுக்குள் பெயராகப் பயன்படும் மதிப்பு) ஹாஷில், அதாவது சாவி கொடுத்தால் மதிப்பு தரும் தொகுப்பில், வைக்கிறேன். :விலை, :இருப்பு இரண்டும் சரியாக வருகின்றன. :கொள்முதல் மட்டும் நில், அதாவது 'எதுவுமில்லை', தருகிறது. அச்சிட்டுப் பார்த்தால் எழுத்துக்கு எழுத்து ஒன்றாகவே இருக்கிறது. என்ன காரணம்?

மறுமொழி 1:
சாவி ஸ்ட்ரிங்காகவே (சாதாரண எழுத்துச் சரம்) தங்கியிருக்கும். "விலை" வேறு, :விலை வேறு. ஹாஷ் இரண்டையும் ஒன்றாகக் கருதாது.

கேட்டவர்:
இல்லை ஐயா, எல்லாச் சாவிகளும் சிம்பல்தான். கிளாஸ் (மதிப்பின் வகை) பார்த்துவிட்டேன்.

மறுமொழி 2:
நீங்கள் தட்டச்சு செய்த சிம்பல், கோப்பிலிருந்து வந்த சிம்பல் இரண்டுக்கும் டு_எஸ் போட்டு ஸ்ட்ரிங்காக்கி, பிறகு கோட்பாயிண்ட்ஸ் (ஒவ்வொரு குறியின் யூனிகோட் எண்) அழைத்துப் பாருங்கள் அம்மா. நீங்கள் தட்டச்சு செய்த 'கொ' 2965, 3018 என்று வரும். கோப்பில் இருப்பது அநேகமாக 2965, 3014, 3006: ககரம், ஒற்றைக் கொம்பு, கால். எழுத்துகளுக்கு எண் தரும் தரமான யூனிகோட் இரண்டையும் சமமானவை என்கிறது. ஆனால் ரூபி பைட்டுகளைத்தான் ஒப்பிடுகிறது. ஒரு பைட் மாறினாலும் அது வேறு சிம்பல். 'விலை' தப்பியதற்குக் காரணம், ஐகாரக் குறி பிரியாது. ஒகர, ஓகார, ஔகாரக் குறிகள் மூன்றும் பிரியும். பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய கோப்புகளில் இதை அடிக்கடி பார்க்கிறேன்.

தீர்வு: டு_சிம்முக்கு முன் யூனிகோட்_நார்மலைஸ் அழையுங்கள்; சமமான வடிவங்களை அது ஒரே வடிவாக்கும். ரூபி 2.2 முதல் அது ஸ்ட்ரிங்கிலேயே இருக்கிறது.

ஆனால் வெளியிலிருந்து வரும் சொல்லையெல்லாம் சிம்பலாக்குவது எனக்கு உடன்பாடில்லை. 2.2க்கு முன் அப்படிப் பிறந்த சிம்பல் நிரல் முடியும்வரை நினைவகத்தை விட்டு அகலாது. இன்று, பயன்படாததை நினைவகத்திலிருந்து நீக்கும் குப்பை சேகரிப்பான் அதை அகற்றிவிடுகிறது. ஆனாலும் சிம்பல் என்பது நிரல் எழுதுபவர் வைக்கும் பெயர். கோப்பு தரும் பெயர் ஸ்ட்ரிங்காகவே இருக்கட்டும்.

கேட்டவர்:
நார்மலைஸ் செய்ததும் :கொள்முதல் கிடைத்துவிட்டது, மிக்க நன்றி. 'வாடகை பாக்கி' என்று இடைவெளியோடு ஒரு தலைப்பு இருக்கிறது. 'பௌடர்' என்ற தலைப்பு இன்னும் நில்தான்.

மறுமொழி 2:
இடைவெளி இருந்தால் மேற்கோள் குறி வேண்டும்: :"வாடகை பாக்கி".

'பௌடர்' வேறு நோய். கோப்பில் யாரோ ஔகாரக் குறிக்குப் பதிலாகக் கொம்பும் ளகரமும் தட்டி 'பெளடர்' என்று எழுதியிருப்பார்கள். ளகரம் தனி எழுத்து, அதனால் நார்மலைஸ் அதைத் தொடாது. அதற்காக கொம்பையும் ளகரத்தையும் கண்ட இடமெல்லாம் மாற்றிவிடாதீர்கள்; 'வெள்ளம்', 'தெளிவு' எல்லாம் சிதைந்துவிடும். உங்களுக்குத் தேவையான தலைப்புகள் எவை என்பது தெரியும் அல்லவா? பிழையான வடிவத்தைச் சரியான சிம்பலோடு இணைக்கும் சிறிய ஹாஷ் ஒன்றைக் கையால் எழுதிவிடுங்கள். அதில் இல்லாத தலைப்பு வந்தால் நிரல் பிழை காட்டி நிற்கட்டும்.