சாவடி வாரியாக முடிவு வெளியிடுவது: கண்காணிப்புக்கு உதவியா, வாக்கு ரகசியத்துக்கு வேட்டா?

கணக்குப்பிள்ளை:
ஒவ்வொரு வாக்குச்சாவடியின் முடிவையும் தனித்தனியாக, அன்றிரவே, யாரும் பார்க்கும்படி வெளியிட வேண்டும் என்பது என் கட்சி (அரசியல் கட்சி இல்லை, வாதக் கட்சி). சுயேச்சைக் கண்காணிப்பு இதை நம்பித்தான் நிற்கிறது. மாதிரியாகச் சில சாவடிகளைத் தேர்ந்தெடுத்து, எண்ணி முடியும் வரை ஆளை உட்கார வைத்து, அவர் குறித்து வந்த எண்களைக் கொண்டு மொத்த முடிவைக் கணிக்கிறார்கள். 1988இல் சிலியில் ராணுவ ஆட்சியாளர் பினோசே பதவியில் நீடிக்கலாமா என்ற வாக்கெடுப்பில் அரசு முடிவை இழுத்தடித்தது. எதிரணியும் சுயேச்சைக் குழுவும் தனித்தனியே போட்ட கணக்கு கையில் இருந்ததால் மறைக்க முடியவில்லை. மலாவியில் 2019 தேர்தலின் முடிவுத் தாள்களில் வெள்ளை மை பூசி எண்களை மாற்றியிருந்தார்கள். 2020 பிப்ரவரியில் நீதிமன்றம் அந்தத் தேர்தலையே ரத்து செய்தது. தனித்தனித் தாள் இல்லையென்றால் எதைக் காட்டி வழக்குப் போட்டிருப்பார்கள்?

மறைவுத்திரை:
மொத்தக் கணக்கு சரியா என்று பார்க்கிறீர்கள், சரி. சாவடிக் கணக்கைக் கையில் வைத்திருப்பவர் என்ன செய்வார் என்று யோசித்தீர்களா? ஒரு சாவடி என்றால் சில தெருக்கள், சில நேரம் ஒரே சமூகத்தார் வசிக்கும் ஒரு குடியிருப்பு. தனி ஆள் யாருக்குப் போட்டார் என்று தெரியாது. ஆனால் "இந்தத் தெரு நமக்குப் போடவில்லை" என்று அச்சடித்த மாதிரி தெரிந்துவிடும். அதன்பிறகு அங்கே சாலை வருமா, குழாயில் தண்ணீர் வருமா?

இந்தியாவில் காகித வாக்குச்சீட்டு இருந்த காலத்தில், மிரட்டல் நடக்கலாம் என்று தேர்தல் ஆணையம் கருதினால் பல சாவடிச் சீட்டுகளைக் கலந்துவிட்டு எண்ண விதி இருந்தது, தேர்தல் நடத்தை விதிகளில் 59ஏ. இயந்திரம் வந்ததும் அந்தக் கலப்பு போய்விட்டது. 14 இயந்திரங்களை ஒன்றாக இணைத்துக் கூட்டுத்தொகை மட்டும் காட்டும் கருவியை 2008இல் ஆணையமே கேட்டது. 2015இல் சட்ட ஆணையமும் ஆதரித்தது. இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. பிரிட்டனில் ஒரு பெட்டிச் சீட்டை இன்னொரு பெட்டிச் சீட்டோடு கலக்காமல் எண்ணவே கூடாது.

கணக்குப்பிள்ளை:
மிரட்டுகிறவனைப் பிடித்து உள்ளே போடுங்கள். அதற்காகக் கணக்கையே மறைப்பது மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவது. பிரிட்டன் என்றீர்களே, அங்கே வாக்குச்சீட்டில் எண் இருக்கிறது, அந்த எண் எந்த வாக்காளருக்குப் போனது என்ற பட்டியலும் இருக்கிறது. நீதிமன்றம் உத்தரவிட்டால் தேடி எடுக்கலாம். இதுவா உங்கள் ரகசியத்துக்கு முன்மாதிரி?

வழிப்போக்கன்:
எதற்கு இத்தனை மூடுமந்திரம்? நான் யாருக்குப் போட்டேன் என்று வெளிப்படையாகவே சொல்வேன். எனக்கென்ன பயம்?

மறைவுத்திரை:
வழிப்போக்கன், வாயால் சொல்வது வேறு, நிரூபிப்பது வேறு. நீங்கள் சொல்லலாம், பொய்யும் சொல்லலாம், காசு கொடுத்தவனுக்கு எது உண்மை என்று தெரியாது. அங்கேதான் பாதுகாப்பே இருக்கிறது. வாக்களிக்கும் மறைப்புக்குள் சீட்டைக் கைப்பேசியில் படம் எடுத்தால் அது ரசீது. ரசீது இருந்தால் வாக்கை விற்கலாம், ரசீது கேட்டு மிரட்டவும் செய்யலாம். இத்தாலி 2008இலேயே மறைப்புக்குள் கைப்பேசி கூடாது என்று சட்டம் போட்டது. உங்களுக்குப் பயமில்லை என்பதால் ரசீதை அனுமதித்தால், பயப்படுகிறவரிடமும் "உன் ரசீது எங்கே" என்று கேட்பார்கள்.

கணக்குப்பிள்ளைக்கு: பிரிட்டனின் எண் முறை எனக்கும் உடன்பாடில்லை. நான் எடுத்துக்கொண்டது கலப்பை மட்டும்.

சாவடிக்காரன்:
கண்காணிப்புக்குப் போய் வருகிறவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். ரகசியம் ஒழுகுவது பெரும்பாலும் நீங்கள் சண்டை போடும் இடத்தில் இல்லை. உள்ளே போனதும் நான் முதலில் பார்ப்பது மறைப்பு எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதைத்தான். பின்னால் திறந்த ஜன்னல் இருக்கும். சுவர் மூலையில் ஏற்கெனவே மாட்டிய கேமரா நேராக அதன் மேல் பார்த்துக்கொண்டிருக்கும். தாள் மெலிசாக இருந்தால் மடித்த பிறகும் மை பின்பக்கம் தெரியும். அப்புறம் கணவனும் மனைவியும் ஒரே மறைப்புக்குள் நிற்பார்கள், அலுவலர் "குடும்பம்தானே" என்று விட்டுவிடுவார். பிரிட்டனில் தன்னார்வப் பார்வையாளர்கள் இதைத் திரும்பத் திரும்ப எழுதிக் கொடுத்தார்கள். வாக்கை மாற்றும் நோக்கத்தோடு மறைப்பில் கூட நிற்பதைக் குற்றமாக்கி 2023இல் அங்கே தனிச் சட்டமே வந்தது.

நாங்களும் யோக்கியர்கள் என்று சொல்ல மாட்டேன். சாட்சிக்குப் படம் வேண்டும் என்று மறைப்புப் பக்கம் கேமராவைத் திருப்பும் பார்வையாளர் தானே ரகசியத்தை மீறுகிறார். சர்வதேசப் பார்வையாளர்களுக்கான 2005 பிரகடனம் தலையிடாதே, இடையூறு செய்யாதே என்கிறது. எழுதி வைத்துக்கொண்டு வருவதுதான் வேலை.

மறைவுத்திரை:
இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நெதர்லாந்தில் 2006இல் வாக்கு இயந்திரம் வெளிவிடும் ரேடியோ அலையைச் சில மீட்டர் தள்ளி நின்றே பிடிக்க முடிந்தது. ஒரு கட்சிப் பெயரில் ஓர் எழுத்தின் தலையில் சின்னக் கோடு. அது திரையில் வந்தால் அலை மாறியது, யாருக்கு வாக்கு என்று தெரிந்துவிட்டது. இதைக் கண்டுபிடித்தது அரசு இல்லை, குடிமக்கள் குழு. பிறகு அந்த நாடு காகிதத்துக்கும் சிவப்புப் பென்சிலுக்கும் திரும்பியது.

கணக்குப்பிள்ளை:
அருமை. சுயேச்சையானவர்களுக்கு உள்ளே பார்க்க அனுமதி வேண்டும் என்பதற்கு நீங்களே ஆதாரம் தருகிறீர்கள்!

மறைவுத்திரை:
பார்க்க வேண்டாம் என்று நான் எப்போது சொன்னேன்? எதை வெளியிடுவது என்பதுதான் கேள்வி. குஜராத்தின் கிர் காட்டில் பானேஜ் என்ற இடத்தில் ஒரே ஒரு வாக்காளருக்காகச் சாவடி அமைத்தார்கள். சாவடி வாரியாக வெளியிட்டால் அவர் வாக்கு ரகசியமா? ஒரு வாக்கு என்பதால் இது உடனே கண்ணுக்குத் தெரிகிறது, ஆனால் 40 பேர் உள்ள சாவடியில் அத்தனை பேரும் ஒரே பக்கம் போட்டாலும் கதை அதேதான்.

கணக்குப்பிள்ளை:
அந்த மாதிரிச் சாவடிகளைப் பக்கத்துச் சாவடியோடு சேர்த்து எண்ணுங்கள், நான் எதிர்க்கவில்லை. ஆனால் பெட்டியை ஏற்றிக்கொண்டு தொலைவில் உள்ள மையத்துக்குப் போய்க் கலக்காதீர்கள். கென்யாவில் 2017இல் சாவடித் தாள்கள் முழுதாகக் கைக்கு வரும் முன்பே முடிவை அறிவித்தார்கள், உச்ச நீதிமன்றம் தேர்தலைச் செல்லாது என்றது. சாவடிக்கும் மையத்துக்கும் நடுவேதான் களவு போகிறது. கலப்பதும் எண்ணுவதும் முகவர், பார்வையாளர் கண் முன்னால் நடக்கட்டும், கையெழுத்திட்ட நகல் அங்கேயே எல்லோருக்கும் கிடைக்கட்டும்.

மறைவுத்திரை:
எத்தனை வாக்காளருக்குக் கீழே போனால் சேர்ப்பது? 100? 300? என்னைக் கேட்டால் 1,000.

கணக்குப்பிள்ளை:
1,000 என்றால் பாதி நாட்டைச் சேர்த்துவிடுவீர்கள். 100 போதும்.

சாவடிக்காரன்:
எண் எதுவாக இருந்தாலும் வாக்குப்பதிவுக்கு முன்பே எழுத்தில் அறிவித்து, எந்தெந்தச் சாவடி எதோடு சேரும் என்ற பட்டியலும் வெளியாகியிருக்க வேண்டும். அன்றிரவு அலுவலர் முடிவு செய்யலாம் என்று விட்டால், எண்ணிக்கை பிடிக்காத சாவடி எல்லாம் திடீரென்று "சிறிய சாவடி" ஆகிவிடும்.