காலை நடையும் வைட்டமின் டி குறைபாடும்

கேள்வி: சென்னையில் நாள்தோறும் காலை ஆறு மணிக்கு நடந்தும், கண்ணாடிச் சன்னலருகே வெயில்படப் பணியாற்றியும், என் இரத்தத்தில் வைட்டமின் டி மில்லிலிட்டருக்கு 11 நானோகிராம் மட்டுமே இருப்பது ஏன்?

மறுமொழி 1: தோலில் வைட்டமின் டி உருவாகக் காரணமான, ஏறத்தாழ 290 முதல் 315 நானோமீட்டர் வரையிலான அலைநீளமுள்ள புறஊதா-பி கதிர்கள், சூரியன் தாழ்ந்திருக்கும் அதிகாலையில் ஓசோன் படலத்தைக் கடந்து மிகக் குறைவாகவே நம்மை வந்தடைகின்றன, சன்னல் கண்ணாடியோ அவற்றைப் பெரும்பாலும் தடுத்துவிடுகிறது. இளவெயிலே போதும் என்ற பரவலான அறிவுரை எனக்கு ஏற்புடையதன்று.

மறுமொழி 2: நம் நிழல் நம்மைவிடக் குட்டையாக விழும் வேளையே வெயிலில் நிற்க ஏற்றது. கருநிறத் தோலுக்குச் சற்றுக் கூடுதல் நேரம் தேவைப்படும்; தோல் எரியும்வரை நிற்க வேண்டாம்.

மறுமொழி 3: இந்த அளவுக்கு மருத்துவரைப் பார்ப்பதே முறை. வாரம் ஒன்றாக எழுதித் தரப்படும் 60,000 யூனிட் மாத்திரையைச் சிலர் தாமாகவே மாதக்கணக்கில் தொடர்கின்றனர். கொழுப்பில் கரையும் வைட்டமின் என்பதால் அது உடலில் தேங்கி, இரத்தத்தில் கால்சியத்தை உயர்த்திச் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும்.