லிபரல் ஆர்ட்ஸ் பட்டம்: நான்கு ஆண்டுப் பாடங்களை எந்த வரிசையில் எடுப்பது?

பனித்துளி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். வருகிற செமஸ்டரில் லிபரல் ஆர்ட்ஸ் (பல துறைப் பாடங்களையும் கலந்து படிக்கும்) பட்டப்படிப்பில் சேர்கிறேன். மேஜர், அதாவது ஆழமாகப் படிக்கப்போகும் முதன்மைத் துறை எது என்று இரண்டாம் ஆண்டு முடியும்போது சொன்னால் போதுமாம். ஆனால் முதல் செமஸ்டர் பாடப் பதிவு அடுத்த வாரமே திறக்கிறது. பாடப் பட்டியலைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் எல்லாவற்றையும் எடுக்க வேண்டும்போல இருக்கிறது.

எங்கள் கணக்கு இது: பட்டத்துக்கு மொத்தம் 120 கிரெடிட் (பாடத்தின் அளவைக் குறிக்கும் மதிப்பு). பாடத்துக்கு 3 கிரெடிட் என்றால் 40 பாடங்கள், செமஸ்டருக்கு 5. இந்த 40-ல் பொதுப் பாடங்கள் 13: எழுத்துப் பயிற்சி 2, கணிதம் அல்லது புள்ளியியல் 1, லேப் உள்ள அறிவியல் 2, இலக்கியம்-தத்துவம் 2, சமூக அறிவியல் 2, கலை 1, புது மொழி ஒன்றில் தொடர்ந்து 3. மேஜருக்கு 12. மீதி 15 என் விருப்பம்.

எனக்கு மனம் போகிற துறைகள் மூன்று: பொருளியல், உளவியல், வரலாறு. பள்ளியில் 1943 வங்கப் பஞ்சத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினேன். அதற்காகப் படிக்கும்போதுதான், பஞ்சம் என்பது விளைச்சல் குறைந்ததால் மட்டும் வருவதில்லை, வாங்கும் சக்தி யாரிடம் இருந்தது, யாரிடம் போய்விட்டது என்று பார்க்க வேண்டும் என்ற பொருளியல் அறிஞர் அமர்த்தியா சென்னின் வாதம் தெரிய வந்தது. அதிலிருந்து ஒரு கேள்வி விடவே இல்லை. விலை ஏறும் என்ற பயத்தில் ஆட்கள் தானியத்தைப் பதுக்குகிறார்கள். இதைப் பொருளியல் வகுப்பில் படிப்பதா, உளவியல் வகுப்பில் படிப்பதா, வரலாற்று வகுப்பிலா?

சீனியர்கள் சொல்வது: "பொதுப் பாடம் 13-ஐயும் முதல் மூன்று செமஸ்டரில் முடித்துவிடு, அப்புறம் நிம்மதியாக மேஜரைப் பார்." இது சரியான வழியா? இரண்டாவது, இப்படிப் பல துறைகளில் கொஞ்சம் கொஞ்சம் படித்துவிட்டு எதிலும் ஆழம் இல்லாமல் வெளியே வந்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

நெடுவழி எழுதியது:

நான் மூன்றாம் ஆண்டு, பொருளியல் மேஜர். உடனே உதவக்கூடியதை மட்டும் சொல்கிறேன்.

மொழிப் பாடத்தை முதல் செமஸ்டரிலேயே தொடங்கி, நடுவில் விடாமல் மூன்றையும் முடித்துவிடுங்கள். முதல் நிலை முடித்துவிட்டு ஒரு வருடம் இடைவெளி விட்டு இரண்டாம் நிலைக்குப் போனவர்கள் என் வகுப்பில் இருந்தார்கள். வினைச்சொல் மாற்றங்களையெல்லாம் திரும்ப மனப்பாடம் செய்யவே அவர்களுக்குப் பாதி செமஸ்டர் போய்விட்டது.

லேப் பாடம் செமஸ்டருக்கு ஒன்றுக்கு மேல் வேண்டாம். கிரெடிட் என்னவோ பார்க்கச் சின்னதுதான். ஆனால் வகுப்பு நேரம் போக வாரத்தில் ஒரு மதியம் முழுக்க லேபுக்குப் போகும், அதற்கு மேல் அறிக்கை எழுத வேண்டும். அந்த மதியத்தில் வேறு எந்த வகுப்பும் வைக்க முடியாது.

சீனியர்கள் சொன்னதில் பாதி எனக்கும் சரியாகத்தான் படுகிறது. எழுத்துப் பயிற்சியை முதல் ஆண்டிலேயே முடித்துவிடுங்கள். அது பின்னால் வருகிற எல்லாப் பாடத்துக்கும் கை கொடுக்கும்.

சாக்பீஸ் எழுதியது:

பனித்துளி, நான் பல ஆண்டுகளாக இளநிலை மாணவர்களுக்கு வரலாறு நடத்துகிறேன். பாடத் தேர்வில் மாணவர்களுக்கு வழிகாட்டும் அட்வைசராகவும் இருக்கிறேன். ஒவ்வொரு சேர்க்கையின் போதும் இதே கேள்வியோடு மாணவர்கள் என் அறைக்கு வருவார்கள். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்மா.

பொதுப் பாடமா மேஜர் பாடமா என்று முதலில் பிரிக்காதீர்கள். எந்தப் பாடம் எந்தப் பாடத்துக்கு முன்பாடம், அதாவது எதை முடித்தால்தான் எதை எடுக்க முடியும் என்று பாருங்கள். உங்கள் மூன்று துறைகளையும் ஒரு தாளில் பின்னாலிருந்து முன்னால் எழுதிப் பார்ப்போம்.

பொருளியலில் கடைசி ஆண்டு ஆய்வுக் கட்டுரை. அதற்கு முன் எகனாமெட்ரிக்ஸ் (பொருளியல் தரவுகளைப் புள்ளியியலால் ஆராயும் பாடம்) முடித்திருக்க வேண்டும். எகனாமெட்ரிக்ஸுக்குப் புள்ளியியல் வேண்டும். இன்னொரு பக்கம் இடைநிலை நுண்பொருளியல் (தனிமனிதர், நிறுவனம், சந்தை பற்றியது), இடைநிலைப் பேரினப் பொருளியல் (முழு நாட்டின் பொருளாதாரம் பற்றியது). இவற்றுக்கு முன்னால் அறிமுகப் பாடங்கள் இரண்டு, பெரும்பாலான இடங்களில் கால்குலஸும் (நுண்கணிதம்). எண்ணிப் பார்த்தால் ஐந்தாறு செமஸ்டர் நீளமுள்ள சங்கிலி. இரண்டாம் ஆண்டு முடிவில்தான் பொருளியல் என்று முடிவெடுத்து, அதுவரை கால்குலஸ் பக்கமே போகவில்லை என்றால், நான்கு ஆண்டில் முடிப்பது பெரும்பாடு.

உளவியல் இதைவிடக் கொஞ்சம் குட்டை. அறிமுகம், புள்ளியியல், ஆய்வு முறைகள், அதற்கு அப்புறம் மேல்நிலைப் பாடங்கள்.

வரலாறு என் துறை, அதனால் தயக்கமில்லாமல் சொல்கிறேன்: அதன் சங்கிலி மிகக் குட்டையானது. பல மேல்நிலைப் பாடங்களுக்கு முன்பாடமே கேட்க மாட்டார்கள். நான்காம் செமஸ்டரில் முதல் வரலாற்றுப் பாடத்தை எடுத்து, நல்ல ஆய்வுக் கட்டுரையோடு முடித்த மாணவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்குத் தேவைப்பட்டது வாசிப்புப் பழக்கமும் ஒரு வேற்றுமொழியும்தான்.

ஆகவே தாமதமாகத் தொடங்கினாலும் முடிக்கக்கூடிய துறையைத் தாமதமாகத் தொடங்கலாம். நீளமான சங்கிலியின் முதல் கண்ணியை முதல் ஆண்டிலேயே போட்டு வைக்க வேண்டும். புள்ளியியலை எடுத்தால் பொருளியல், உளவியல் இரண்டுக்கும் வழி திறந்திருக்கும், பொதுப் பாடத்தில் கணித வகை ஒன்றும் தீர்ந்துவிடும். அறிமுகப் பொருளியலும் அறிமுக உளவியலும் சமூக அறிவியல் இரண்டையும் தீர்த்துவிடும். மேஜரைத் தேர்ந்தெடுக்காமலே இரண்டு மேஜருக்கு அடித்தளம் போட்டாயிற்று.

இனி அந்த 13 பாடங்கள். எல்லாவற்றையும் முதல் மூன்று செமஸ்டரில் அடைப்பதை நான் ஆதரிப்பதில்லை. இதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது. அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் சார்லஸ் எலியட் 1869 முதல் 1909 வரை தலைவராக இருந்தார். கட்டாயப் பாடங்களைப் படிப்படியாகக் குறைத்து, மாணவர்கள் தாங்களே தேர்ந்தெடுக்கும் முறையைப் பரப்பியவர் அவர். சிலர் தொடக்க நிலைப் பாடங்களையே வரிசையாக எடுத்துப் பட்டம் வாங்குகிறார்கள் என்ற புகார் எழுந்தது. அடுத்துத் தலைவராக வந்த லோவல், ஒரு துறையில் ஆழமும் மற்றத் துறைகளில் பரவலும் இரண்டுமே வேண்டும் என்று விதி வைத்தார். இன்று நீங்கள் பார்க்கும் மேஜர், பொதுப் பாடம் என்ற பிரிவுக்கு அதுவே முக்கிய வேர். வேறு வழிகளும் உண்டு. நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் இளநிலைக் கல்லூரியில் 1919-ல் தொடங்கிய பொதுப் பாட வரிசையை எல்லா மாணவர்களும் படிக்கிறார்கள். பிரவுன் பல்கலைக்கழகம் 1969-ல் நேரெதிராகப் போய்ப் பொதுக் கட்டாயங்களை எடுத்தே விட்டது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், பரவலும் ஆழமும் ஒன்றையொன்று தொட வேண்டும் என்பதற்காகத்தான் அந்த விதி. பரவலை முன்னால் தள்ளி முடித்துவிட்டால் அந்தத் தொடுதல் நடக்க வாய்ப்பே இல்லை. அறிவியல் தத்துவம் என்ற பாடத்தை முதல் செமஸ்டரில் எடுக்கும் மாணவருக்கு 'காரணம்', 'தொடர்பு' இரண்டும் வெறும் சொற்கள். எகனாமெட்ரிக்ஸில் ஒரு தரவை வைத்து மண்டையை உடைத்துக்கொண்ட பிறகு அதே பாடத்துக்கு வருபவர் கேட்கிற கேள்விகளே வேறு. என் வகுப்பில் மிக நல்ல கேள்விகள் பெரும்பாலும் வேறு துறை மேஜர்களிடமிருந்துதான் வருகின்றன. அவர்கள் எல்லோரும் மூன்றாம், நான்காம் ஆண்டில் 'பொதுப் பாடம் பாக்கி' என்று வந்தவர்கள்.

எனவே எழுத்துப் பயிற்சி, மொழி, புள்ளியியல், சமூக அறிவியல் எல்லாம் முன்னால் வரட்டும். தத்துவம் ஒன்று, கலை ஒன்று, லேப் அறிவியல் ஒன்று, இவற்றை மூன்றாம் நான்காம் ஆண்டுக்கு ஒதுக்கி வையுங்கள். ஆய்வுக் கட்டுரை எழுதுகிற செமஸ்டரில் வரைகலை வகுப்பு ஒன்று இருந்தால் மூச்சு விட இடம் கிடைக்கும். ஒரே நிபந்தனை, கடைசி செமஸ்டருக்கு மட்டும் எந்தக் கட்டாயப் பாடத்தையும் மிச்சம் வைக்காதீர்கள். நேரம் மோதினாலோ அந்த செமஸ்டரில் பாடத்தை நடத்தாமல் போனாலோ பட்டமே தள்ளிப்போகும்.

அப்புறம் வேலைப் பளு. அமெரிக்க முறையில் ஒரு கிரெடிட் என்றால் வாரம் ஒரு மணி நேர வகுப்பு, வெளியே குறைந்தது இரண்டு மணி நேர உழைப்பு. 15 கிரெடிட் எடுத்தால் வாரம் 45 மணி நேரம். வாசிப்பு அதிகமுள்ள பாடங்கள் ஐந்தை ஒரே செமஸ்டரில் போட்டால் எதையும் ஒழுங்காகப் படிக்க முடியாது. கணக்குப் போடுவது ஒன்று, மொழி ஒன்று, வாசிப்பது இரண்டு, கையால் செய்வது ஒன்று என்று கலந்து வையுங்கள்.

உங்கள் இரண்டாவது பயத்துக்கான பதிலை உங்கள் கேள்வியிலேயே பார்க்கிறேன். அந்தப் பஞ்சக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். விருப்பப் பாடங்கள் 15-ல் ஐந்தாறை அதைச் சுற்றியே தேர்ந்தெடுங்கள்: வேளாண்மை வரலாறு, வளர்ச்சிப் பொருளியல், முடிவெடுக்கும் உளவியல், மக்கள்தொகையியல், நீதி பற்றிய தத்துவம். லேப் அறிவியலில்கூட தாவரவியலோ மண்ணியலோ எடுக்கலாம். நீங்கள் சொன்ன சென் ஹார்வர்டில் பொருளியல், தத்துவம் இரண்டுக்குமே பேராசிரியர். ஒரு கேள்வியைப் பல பக்கத்திலிருந்து பார்ப்பதுகூட ஆழம்தான். கடைசி ஆண்டில் ஆய்வுக் கட்டுரைக்குத் தலைப்புத் தேடி அலையவும் வேண்டியிருக்காது.

நடுப்பக்கம் எழுதியது:

சாக்பீஸ் மேடம் சொன்ன சங்கிலிக் கணக்கை அப்படியே ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் ஒரு விஷயத்தில் எனக்கு வேறு கருத்து. 15 விருப்பப் பாடங்களில் ஐந்தாறை ஒரு கேள்விக்காகவே எடுப்பது, முதலாண்டு சேர்கிறவருக்கு அதிகம். பதினேழு பதினெட்டு வயதில் மனதில் நிற்கிற கேள்வி இரண்டு ஆண்டில் முழுக்க மாறலாம். மாறுவதற்கு இடம் இருக்க வேண்டும். நான் புவியியல் என்று ஒரு துறை இருப்பதையே யோசிக்காமல் கல்லூரிக்கு வந்தவள். நேரம் சரியாக இருந்ததால் எடுத்த ஒரு வரைபடப் பாடம்தான் இன்று என் வேலை. அதனால் ஒவ்வோர் ஆண்டும் ஒரு பாடமாவது எந்தக் காரணமும் சொல்ல முடியாத பாடமாக இருக்கட்டும்.

பாடத் தலைப்பைவிட சிலபஸை (பாடத்திட்டத்தை)ப் பாருங்கள். என்ன படிக்கச் சொல்கிறார்கள், என்ன எழுதச் சொல்கிறார்கள், எழுதியதைத் திருத்தி மறுபடி தர வாய்ப்பு உண்டா என்று பாருங்கள். பல இடங்களில் செமஸ்டர் தொடங்கி ஒன்றிரண்டு வாரம் வரை பாடங்களைச் சேர்க்கலாம், விடலாம். அந்த நாட்களில் ஒரு கூடுதல் வகுப்பில் உட்கார்ந்து கேட்டுப் பார்த்துவிட்டு, ஒத்துவராததை விடுங்கள்.

மேல்நிலைப் பாடங்கள் சில ஓர் ஆண்டு விட்டு ஓர் ஆண்டுதான் நடக்கும். உங்களுக்கு மிகவும் வேண்டிய ஒன்று அப்படிப்பட்டதா என்று துறை அலுவலகத்தில் இப்போதே கேட்டு வையுங்கள்.

பின்னால் மருத்துவம் பக்கம் போகும் எண்ணம் சிறிதளவு இருந்தாலும் அதை முதலாண்டிலேயே அட்வைசரிடம் சொல்லுங்கள். உயிரியல், வேதியியல், கரிம வேதியியல், இயற்பியல் எல்லாம் லேபோடு வேண்டும். அதுவும் நீளமான சங்கிலி.

பனித்துளி எழுதியது:

அண்ணா, மேடம், அக்கா, மூவருக்கும் மனமார்ந்த நன்றி. தாளில் எழுதிப் பார்த்தேன். முதல் செமஸ்டர்: எழுத்துப் பயிற்சி, மொழி முதல் நிலை, அறிமுக நுண்பொருளியல், கால்குலஸ், நாடகப் பயிற்சி. கடைசியாக இருப்பது அக்கா சொன்ன காரணமில்லாத பாடம். இரண்டாம் செமஸ்டர்: எழுத்துப் பயிற்சி இரண்டாவது, மொழி இரண்டாம் நிலை, பேரினப் பொருளியல், புள்ளியியல், அறிமுக உளவியல். அதற்கு மேல் பென்சிலால் மட்டும் குறித்திருக்கிறேன். மருத்துவ எண்ணம் இல்லை.

ஒரு சந்தேகம் மட்டும். புள்ளியியல் பொதுப் பாடத்திலும் மேஜரிலும் இரண்டு பக்கமும் கணக்காகுமா? மூன்றாம் ஆண்டில் ஒரு செமஸ்டர் வெளிநாட்டில் படிக்கவும் ஆசை. அங்கே எடுக்கும் பாடத்தை இங்கே ஏற்றுக்கொள்வார்களா?

சாக்பீஸ் எழுதியது:

பட்டியல் நன்றாக இருக்கிறதுமா. கால்குலஸும் புள்ளியியலும் தனித்தனி செமஸ்டரில் வைத்தது நல்லது.

இரண்டு பக்கமும் கணக்காகுமா என்பதற்கு உங்கள் பல்கலைக்கழகக் கையேட்டில் தெளிவான விதி இருக்கும். பொதுவாகத் தேவை நிறைவேறியதாக இரண்டு பக்கமும் ஏற்பார்கள், ஆனால் கிரெடிட்டை மொத்தத்தில் ஒருமுறைதான் சேர்ப்பார்கள். அப்போது காலியாகும் இடத்தில் இன்னொரு விருப்பப் பாடம் எடுக்க வேண்டியிருக்கும். நீங்கள் சேரும் ஆண்டின் கையேடுதான் பெரும்பாலும் உங்களுக்குப் பொருந்தும், அதனால் அந்தக் கோப்பை இப்போதே தரவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டு செமஸ்டருக்கு ஐந்தாவது செமஸ்டரைக் குறித்து வையுங்கள். அதற்குள் இடைநிலைப் பொருளியல் இரண்டையும் இங்கேயே முடித்துவிடுங்கள், ஏனென்றால் மேஜரின் அடிப்படைப் பாடங்களுக்கு மாற்றுப் பாடம் ஏற்க வைப்பதுதான் கடினம். அங்கே வரலாறு, மொழி, விருப்பப் பாடங்களை எடுங்கள். கிளம்புவதற்கு முன்பே ஒவ்வொரு பாடத்தின் சிலபஸையும் துறைக்கு அனுப்பி, இது எதற்கு ஈடாகும் என்று மின்னஞ்சலில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். வாய்வார்த்தையாகச் சொன்னவர் அடுத்த ஆண்டு அந்தப் பொறுப்பில் இல்லாமல் போகலாம்.