கேஸ் மீட்டரில் வாராவாரம் கடனுக்குப் பிடிப்பதைக் குறைக்கக் கம்பெனியோடு யாராவது பேசியிருக்கிறீர்களா? (ஈஸ்ட் ஹாம், லண்டன்)

வணக்கம். எங்கள் மேல்மாடியில் ஒரு ஆன்ரி தனியாக இருக்கிறார், 78 வயது, யாழ்ப்பாணத்துக்காரர். நேற்றுச் சோறு கொடுக்கப் போனேன். வீட்டுக்குள்ளேயே கோட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு, சுடுதண்ணீர்ப் போத்தலை மடியில் வைத்தபடி இருந்தார், அலுமாரிக்குப் பின்னால் சுவர் முழுக்கக் கறுப்புப் பூஞ்சணம்.

அவருக்கு முன்கூட்டியே காசு போடும் மீட்டர். கடையில் 20 பவுண்ட் போட்டுவிட்டு வந்தால் பழைய கடனுக்கு ஒரு பங்கு போய்விடுகிறது, அப்புறம் கோடையில் ஹீட்டர் போடாத நாட்களுக்கும் சேர்ந்த தினசரி நிலைக்கட்டணம் வேறு, மிச்சம் இரண்டு நாளைக்குக்கூடக் காணாது. எரிக்காத கேஸுக்கே காசு கட்டிக் குளிரில் இருக்கிறார், பார்க்க மனது கேட்கவில்லை.

கட்டக்கூடிய அளவுக்குத்தான் கடனைப் பிடிக்க வேண்டும் என்று ஆஃப்ஜெம் (கேஸ், மின்சாரக் கம்பெனிகளைக் கண்காணிக்கும் அமைப்பு) விதி இருக்கிறது. ஆனால் நான் இரண்டு தடவை போன் எடுத்தும் கம்பெனியில் அசையவில்லை. வாரப் பிடித்தத்தைக் குறைக்க வைத்தவர்கள் யாராவது இருந்தால், என்ன சொன்னீர்கள், எதை எழுத்தில் கேட்டீர்கள்?

இன்னொன்று, வருமானம் குறைந்த முதியவர்களுக்கு அரசு கொடுக்கும் பென்ஷன் கிரெடிட்டுக்கு அவர் விண்ணப்பிக்கவே இல்லை. அது கிடைத்தால் 150 பவுண்ட் வார்ம் ஹோம் டிஸ்கவுண்டுக்கும் (குளிர்காலக் கரண்ட் பில் தள்ளுபடி) வழி திறக்கும், பென்ஷன் கிரெடிட்டை மூன்று மாதம் பின்தேதியிட்டும் கேட்கலாம். படிவம் நிரப்பத் தமிழில் உதவுகிறவர்கள் நியூஹாம் பக்கம் இருக்கிறார்களா? ஆன்ரிக்கு ஆங்கிலம் ஓடாது, எனக்கு இரவு வேலை. சனிக்கிழமை காலையில் யாராவது வர முடிந்தால் நான் கூட இருப்பேன். கருத்தில் எழுதுங்கள், இந்த வாரமே வேண்டும்.