அலமாரியில் ஐந்து மாதம் இருந்த டேப்லெட்

சிறப்பாசிரியர், திருவாரூர் பக்கம்:

மூன்றாம் வகுப்புப் பையன். மூளை முடக்குவாதம். பேச்சு வராது, ஆனால் நாம் பேசுவது எல்லாம் புரியும். ஆவாஸ் செயலி போட்ட டேப்லெட் ஒன்று அவனுக்குக் கிடைத்தது. சென்னையில் உருவான செயலி. படத்தைத் தொட்டால் தமிழிலேயே சொல்லும். வட்டார வள மையத்திலிருந்து நான் அந்தப் பள்ளிக்கு வாரம் ஒரு நாள்தான் போவேன். எல்லாம் சொல்லிக்கொடுத்துவிட்டு வந்தேன். அடுத்த வாரம் போனால் அது தலைமையாசிரியர் அறை அலமாரியில் இருக்கிறது. உடைந்தால் யார் பொறுப்பு என்ற பயம். ஐந்து மாதம் அப்படியே போனது. கருவியை முடிவு செய்தபோது நான் யாரையுமே கலந்து பேசவில்லை, அந்தத் தவறு என்னுடையது.

அப்புறம் ஒரு நாள் வகுப்பாசிரியை, பையனின் அம்மா, இயன்முறை மருத்துவர், சத்துணவு சமையல் அக்கா எல்லோரையும் உட்கார வைத்தேன். அக்கா எதற்கு என்று கேட்டார்கள். மதியம் அவனுக்கு ஊட்டிவிடுவது அவர்தானே! "முட்டைன்னா கண்ணு விரியும் சார், போதும்னா தலைய அந்தப் பக்கம் திருப்பிக்குவான்" என்றார். முதல் பக்கத்தில் வைக்க வேண்டிய சொற்கள் அங்கேயே கிடைத்துவிட்டன: வேணும், வேண்டாம், இன்னும், போதும்.

டேப்லெட்டை மேசையில் படுக்க வைத்தால் அவன் கை எட்டாது என்று இயன்முறை மருத்துவர் காட்டினார். ஊர்த் தச்சர் சாய்வுப் பலகை ஒன்று செய்துகொடுத்தார். வகுப்பாசிரியை கேட்டது ஒன்றே ஒன்று: வருகைப் பதிவின்போது அவனும் பதில் சொல்ல வேண்டும். "உள்ளேன் டீச்சர்" என்று ஒரு பொத்தான் வைத்தோம்.

உதவிக் கருவிகளைத் தேர்ந்தெடுக்க அமெரிக்க நிபுணர் ஜாய் சபாலா வகுத்த 'செட்' (SETT) முறையில் மாணவர், சூழல், வேலை மூன்றையும் பார்த்துவிட்டுத்தான் கருவிக்கு வருவார்கள். நான் கருவியிலிருந்து தொடங்கியிருந்தேன்.

ஒரு அம்மா, மதுரை:

எங்கள் வீட்டில் கதை வேறு. என் மகள் பள்ளியில் டேப்லெட்டை நன்றாகப் பயன்படுத்துவாள், வீட்டுக்கு வந்தால் தொட மாட்டாள். பேச்சுப் பயிற்சியாளர் வீட்டுக்கே வந்து பார்த்தார். நாங்கள் யாரும் அதில் பேசவில்லை, அவளை மட்டும் பேசச் சொல்லிக்கொண்டிருந்தோம்! இப்போது அவள் பாட்டிகூட "இன்னும்" படத்தைத் தொட்டுக்கொண்டேதான் தோசை போடுகிறார். சார்ஜ் தீர்ந்தால் கைகொடுக்க, அதே படங்களை அச்சடித்து லேமினேட் செய்து சமையலறைச் சுவரில் ஒட்டியிருக்கிறோம்.

இன்னொரு சிறப்பாசிரியர்:

உங்கள் அலமாரிக் கதை எனக்கும் நடந்தது. கூட்டத்துக்குப் போகும்போது 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவை அச்சடித்துக் கொண்டுபோங்கள். நாற்பது சதவீதத்துக்குக் குறையாத குறைபாடு என்று சான்று உள்ள மாணவர்களுக்கு 18 வயது வரை உரிய கருவிகளை இலவசமாகத் தர வேண்டும் என்று அதில் இருக்கிறது. தலைமையாசிரியர்களின் தயக்கம் பாதி குறையும். அப்புறம் சார், சாய்வுப் பலகையின் அளவைக் கொஞ்சம் சொல்லுங்கள். என்னிடமும் கை எட்டாத பிள்ளை ஒருத்தி இருக்கிறாள்.